வீல் நட்டுக்கு யார் பொறுப்பு?

ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் கார்கள் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்று 2023-இல் அனுமதி கொடுத்தார்கள். அதே சாலையில், பக்கத்துத் தடத்தில் 80-இல் ஓடும் டிரெய்லரின் வீல் நட்டை யார் இறுக்கினார், எதைக் கொண்டு இறுக்கினார், எவ்வளவு இறுக்கினார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. 158 கிலோமீட்டர் நீளம், எட்டுத் தடம், 30 ஆண்டுக் குத்தகைக்கு 7,380 கோடி ரூபாய் என்று சாலைக்குக் கணக்கு சுத்தமாக இருக்கிறது. அதன்மேல் ஓடும் சக்கரத்துக்கு மட்டும் கணக்கு இல்லை.

டயரோடும் டிஸ்க்கோடும் சேர்ந்து ஒரு லாரிச் சக்கரம் ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் கழன்றால், எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து அதைக் கீழே தள்ளிவிட்டால் தரையைத் தொடும்போது என்ன வேகம் இருக்குமோ அதே வேகத்தில் அது சாலையில் ஓடும். சுழற்சியின் வலு தனி. அதற்கு ஸ்டீயரிங் இல்லை, பிரேக் இல்லை. நடுத்திட்டில் மோதினால் எகிறும். எதிர்த்தடத்தில் வருகிறவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

2023 டிசம்பரில் ஹனுமகொண்டா மாவட்டத்தில் பயணிகள் நிரம்பிய அரசுப் பேருந்து ஒன்றின் பின்சக்கரங்கள் ஓட்டத்திலேயே கழன்றன. 2024-இல் ஜகித்யால் மாவட்டத்தில் இன்னொரு பேருந்துக்கு அதே கதி. இரண்டிலும் உயிர் போகவில்லை. போகாததாலேயே இரண்டும் ஒருநாள் செய்தியாக ஓய்ந்தன. கூட்டம் அதிகம் ஏறியது என்று ஒரு தரப்பு, வண்டி பழையது என்று ஒரு தரப்பு, ஓட்டுநர் சாமர்த்தியமாக நிறுத்தினார் என்று ஒரு பாராட்டு. அந்தச் சக்கரத்தைக் கடைசியாகக் கழற்றி மாட்டியது எந்தத் தேதியில், எந்த டிப்போவில், யார் கையால் என்ற கேள்விதான் முதலில் எழுந்திருக்க வேண்டும். கழன்றது நட்டாலா, பேரிங்காலா, ஆக்சிலாலா என்று பயணிக்குச் சொல்ல வேண்டிய கடமை போக்குவரத்துக் கழகத்துக்கு உண்டு. இனியொரு சக்கரம் கழன்றால் விசாரணை அறிக்கை முழுவதும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

வனஸ்தலிபுரம் ஆட்டோ நகரில் இரவு பத்து மணிக்கு ஒரு நாமக்கல் டிரெய்லர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பின் ஆக்சிலில் உள்டயர் பஞ்சர். கடைப் பையன் ஏர் கன்னால் நட்டுகளைக் கழற்றுகிறான், டயரை மாற்றுகிறான், அதே கன்னால் திரும்ப ஏற்றுகிறான். கன் கத்துகிறவரை பிடிக்கிறான், கத்தல் மாறியதும் அடுத்த நட்டுக்குப் போகிறான். கடைசியில் வீல் ஸ்பானரில் ஒரு பைப்பைச் செருகி அதன் நுனியில் ஏறி ஒரு குதி. “டைட் வச்சாச்சா தம்பி?” “வச்சாச்சுண்ணே.” இந்த இரண்டு சொற்றொடர்தான் இந்நாட்டில் நாற்பது டன் வண்டியின் சக்கரத்துக்கு நடக்கும் தரச் சோதனை. இதைக் கேட்டு டிரைவர் ஏறி உட்கார்கிறார். விடிவதற்குள் விஜயவாடா போக வேண்டும்.

பையனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவனுக்கு யாரும் எண்ணைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எண் என்று ஒன்று இருக்கிறது என்பதே அவன் காதில் விழுந்ததில்லை. நமது கண்டனம் அந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு கையேட்டுக்குள் பூட்டி வைத்திருப்பவர்கள் மீது.

எண் இதுதான். பத்துத் துளை, 335 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்த, ஹப்பின் மையத்தில் உட்காரும் டிஸ்க்குக்கு 22 மில்லிமீட்டர் மரை கொண்ட நட்டு என்றால், பொதுவாக 600 முதல் 700 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்கு. வண்டிக்கு வண்டி இது மாறும். தயாரிப்பாளர் தருவதே இறுதி எண். கார்களுக்கு இதில் ஆறில் ஒரு பங்குதான். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103. இன்றைய ஹூண்டாய் கார்களுக்கு 107 முதல் 127 வரை. இனி ஒரு மனக்கணக்குப் போடலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் அசையாமல் ஏறி நின்றாலே 176 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 103 கேட்ட இடத்தில் 176. ஏறிக் குதித்தால் அதன் கணக்கு எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். லாரியில் ஒரு மீட்டர் பாரையின் நுனியில் 65 கிலோ ஆள் நின்றால் 637. அதிர்ஷ்டவசமாக அது சரியான எண்ணுக்குள் விழுகிறது. பாரை இரண்டு மீட்டராக நீண்டால், அல்லது பையன் 45 கிலோ என்றால், அந்த அதிர்ஷ்டமும் போயிற்று. ஹைதராபாதில் நாம் சக்கரங்களை மாட்டுவது கடைப் பையனின் உடல் எடையை நம்பி.

“கூடுதலாக இறுக்கினால் என்ன கெட்டுப்போகும்? பாதுகாப்புதானே?” என்று கேட்கிறவர் அதிகம். ஓட்டுநர்களில் பாதிப் பேரும், முதலாளிகளில் முக்கால்வாசிப் பேரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த நினைப்புதான் ஆபத்து. சக்கரத்தைத் தாங்கி நிற்பது நட்டு அல்ல, நட்டு ஏறும் மரைத்தண்டான ஸ்டட்டின் இழுவிசை. நட்டைச் சுழற்றும்போது ஸ்டட் மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கிறது, அந்தத் துடிப்பில் டிஸ்க்கை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் வண்டியின் பாரத்தையும் பிரேக்கின் உதையையும் தாங்குகிறது. எல்லை தாண்டி இழுத்துவிட்டால் ஸ்டட் நீண்டது நீண்டதுதான். திரும்பும் குணம் போய்விடும். வெளியே பார்த்தால் நட்டு கல்லாக இறுகியிருக்கும், உள்ளே பிடிமானம் செத்திருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஒரு ஸ்டட் முறியும். அதன் சுமை பக்கத்து ஸ்டட்டுகள் மேல் ஏறும். பிறகு மீதியும் ஒவ்வொன்றாக முறியும். முறிந்த பிறகு எல்லோரும் சொல்வது: “நல்லா டைட்டாத்தான் இருந்துச்சு.”

குறைத்து இறுக்கினால் வேறு வழியில் அதே முடிவு. டிஸ்க் ஹப்பின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் நகரும், துளை நீள்வட்டமாகும், ஸ்டட் வளைந்து வளைந்து களைத்து முறியும். நட்டைச் சுற்றித் துருக்கோடுகள் சூரியக் கதிர் மாதிரிப் பரவியிருந்தால் அது இந்த நகர்வின் அடையாளம். அனுபவசாலி டிரைவர் காலையில் வண்டியைச் சுற்றி வரும்போது முதலில் தேடுவது இந்தத் துருக்கோட்டைத்தான். இன்று அப்படிச் சுற்றி வர எத்தனை பேருக்கு நேரம் கொடுக்கிறார்கள் நம் முதலாளிகள்?

அடுத்தது எண்ணெய். இதில் நடக்கும் குளறுபடிக்கு அளவே இல்லை. நட்டை முறுக்கும் வலுவில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பாகத்தில், இன்னொரு நாற்பது விழுக்காடு மரையில். மீதமிருக்கும் பத்து விழுக்காடுதான் ஸ்டட்டை இழுக்கிறது. ஆகவே மரையில் கொஞ்சம் ஆயில் பட்டு உராய்வு குறைந்தால், அதே முறுக்கில் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு எகிறிவிடும். சில வகைக் கிரீஸ் என்றால் இன்னும் மேலே போகும். உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை எண்ணெய் போட்ட மரைக்கு வைத்தால் ஸ்டட் எல்லை தாண்டும். எண்ணெய் போடச் சொன்ன நட்டைத் துருப்பிடித்த மரையில் ஏற்றினால் எண் வந்துவிடும், பிடிமானம் வராது. இரண்டு தவறும் ஒரே தெருவில், அடுத்தடுத்த கடைகளில் நடக்கின்றன.

கார் என்றால் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் சொல்வது தெளிவானது: மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். நட்டிலோ போல்ட்டிலோ எண்ணெயும் கூடாது, கிரீஸும் கூடாது என்று டொயோட்டா தன் கையேட்டில் எச்சரிக்கையாகவே அச்சிட்டிருக்கிறது. நட்டு உட்காரும் கூம்பில் எண்ணெய் பட்டால் இன்னும் மோசம். கனரக வண்டியில், சுழலும் வாஷர் கோத்த இரட்டைத்துண்டு நட்டுக்கு இது தலைகீழ். ஸ்டட்டின் நுனி மரைகளில் ஓரிரு சொட்டு ஆயில், நட்டுக்கும் வாஷருக்கும் நடுவே ஒரு சொட்டு. அது இல்லாவிட்டால் வாஷர் இறுகி நட்டோடு சேர்ந்து சுற்றும், கணக்கு கெடும். ஹப்பின் மையத்தில் டிஸ்க் உட்காரும் விளிம்பில் துருப்பிடிக்காமல் இருக்க மெல்லிய பூச்சு போடலாம். டிஸ்க்கும் ஹப்பும் முகத்தோடு முகம் ஒட்டும் பரப்பில் எண்ணெயோ கிரீஸோ மண்ணோ புதுப் பெயிண்டோ இருக்கவே கூடாது. ஆயுத பூஜைக்கு டிஸ்க்குக்குப் பளபளவென்று இரண்டு கோட் பெயிண்ட் அடித்துவிட்டு, காய்வதற்குள் மாட்டி அனுப்புகிறோம். ஓட்டத்தின் சூட்டிலும் பாரத்திலும் அந்தப் பெயிண்ட் நசுங்கிப் பிதுங்கும். பெயிண்ட் போன கனத்துக்கு ஸ்டட்டின் இழுவிசையும் போகும். சாமிக்குச் செய்த அலங்காரம் சக்கரத்துக்கு எமனாக வேண்டாம்.

ஆகவே ‘எண்ணெய் போடு’ என்பதும் தவறு, ‘போடாதே’ என்பதும் தவறு. எந்த நட்டு, எந்த வண்டி என்று பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. இதைச் சொல்ல வேண்டியது வண்டியைச் செய்து விற்றவர். கையேட்டின் நூற்றுச் சொச்சம் பக்கத்தில் எங்கோ ஒரு கட்டத்துக்குள் போட்டுவிட்டு ‘சொல்லிவிட்டோம்’ என்கிறார்கள். மட்கார்டின் மேலே, கண்ணில் படும் உயரத்தில், அழியாத தகட்டில் அச்சிட என்ன செலவாகும்? முறுக்கு எண், எண்ணெய் உண்டா இல்லையா, எத்தனை கிலோமீட்டரில் மறுபடி இறுக்க வேண்டும் என்ற மூன்று தகவல் போதும். தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் இருக்கட்டும். டயர் காற்றழுத்தத்துக்கு அப்படி ஒட்டத் தெரிந்தவர்களுக்கு இதற்குத் தெரியாமல் போனது எப்படி?

பெரிய கம்பெனி என்பதால் தவறு நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூனில் டொயோட்டா தன் முதல் பெரிய மின்சாரக் கார் மாடலை உலகெங்கும் திரும்ப அழைத்தது. ஏறத்தாழ 2,700 கார்கள். ஹப் போல்ட்டுகள் தளர்ந்து சக்கரம் கழலலாம் என்பது காரணம். சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்றார்கள் உரிமையாளர்களிடம். கோடிக்கணக்கில் கார் செய்தவருக்கே போல்ட் சறுக்கும்போது, பைப்பில் குதிக்கும் நமக்கு என்ன துணிச்சல்!

மறுபடி இறுக்குவது பற்றித்தான் இங்கே பெரிய அலட்சியம். சக்கரத்தை மாட்டிய உடனே எவ்வளவு கச்சிதமாக எண் வைத்தாலும், ஓட ஆரம்பித்ததும் துருவும் பெயிண்டும் மரையின் மேடுபள்ளமும் நசுங்கி உட்காரும், இழுவிசை கொஞ்சம் குறையும். ஆகவே 40 முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி மறுபடி எண் வைக்க வேண்டும். ஓடாமல் நின்றால் அரை மணி நேரம் கழித்து. பிரிட்டனின் நடைமுறை விதி இது. அங்கே 2006-இல் போக்குவரத்து ஆய்வகம் போட்ட மதிப்பீட்டில், கனரக வண்டிகளிலிருந்து ஆண்டுக்கு 150 முதல் 400 சக்கரங்கள் வரை கழல்கின்றன, 3 முதல் 7 விபத்துகள் வரை உயிர்ப்பலியில் முடிகின்றன என்று கண்டார்கள். ஒழுங்காகக் கணக்கு வைத்து, ஒழுங்காக ஆய்வு செய்யும் நாட்டின் நிலை அது.

நம் சாலையில் இந்த மறு இறுக்கத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. ஆட்டோ நகரில் டயர் மாற்றி விஜயவாடா பக்கம் கிளம்பினால் சௌடுப்பல்லோ சிட்யாலோ சரியான தூரத்தில் வருகிறது. பெங்களூர் பக்கம் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் என்றால் ஷாத்நகர், இல்லாவிட்டால் ஜட்சர்லா. நாக்பூர் பக்கம் தூப்ரான். இந்த ஊர்களிலெல்லாம் டீக்கு நிற்காத லாரி கிடையாது. டீ ஆறுவதற்குள் பத்து நட்டைச் சோதித்துவிடலாம். முறுக்கை எண் வைத்து அளக்கும் டார்க் ரெஞ்ச் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கார் அளவுக்கு அது சில ஆயிரம் ரூபாய்க்குள் ராணிகஞ்சில் கிடைக்கிறது. லாரிக்கு ஏற்றது விலை கூடுதல், ஆனால் ஒரு டயரின் விலையை வைத்துப் பார்த்தால் முதலாளி மூச்சுத் திணறும் தொகை இல்லை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குக் கேமரா, ஜிபிஎஸ், டீசல் டேங்குக்குப் பூட்டு என்று செலவழிக்கத் தயங்காத முதலாளிகள், வண்டிக்கு ஒரு டார்க் ரெஞ்ச் என்றால் மட்டும் ஏன் மலைக்கிறார்கள்? டீசல் திருடு போனால் நம் பணம், சக்கரம் போனால் அடுத்தவன் உயிர் என்பதாலா? கடுமையான கேள்விதான். பதில் சொல்லட்டும், வெளியிடுகிறோம்.

டிரெய்லரில் இந்த அலட்சியம் இரட்டிப்பு ஆபத்து. முன்சக்கரம் தளர்ந்தால் ஸ்டீயரிங்கில் அதிர்வு வரும், டிரைவருக்குத் தெரியும். கடைசி ஆக்சிலில், இருபது அடி முப்பது அடி பின்னால் ஒரு சக்கரம் ஆட்டம் கண்டால் கேபினுக்கு எந்தச் செய்தியும் வராது. அதிலும் இடப்பக்கம். வண்டி முன்னால் போகும்போது இடச் சக்கரம் சுழலும் திசையும், வழக்கமான மரை கழலும் திசையும் ஒன்றே. இதற்காகத்தான் பழைய லாரிகளில் இடப்பக்கத்துக்கு எதிர்மரை வைத்தார்கள். இப்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே மரை. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டனிலும் அதிகம் கழல்வது இடது பின்சக்கரம்தான். பருத்தியும் நெல்லும் ஏற்றிக்கொண்டு, மேலே ஆட்களும் உட்கார்ந்து போகும் டிராக்டர் டிரெய்லர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவற்றில் நாலு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தாலே நல்ல வண்டி.

கார்க்காரர்களும் தப்பிக்க முடியாது. ஹைடெக் சிட்டியில் சம்பளம் வாங்கி மாதாபூரில் அலாய் வீல் மாட்டுகிற தம்பிகள், நட்டு உட்காரும் வடிவம் என்று ஒன்று இருப்பதை அறிவார்களா? ஹோண்டா கார்களின் நட்டு உருண்டை அடி. கடைகளில் பரவலாக விற்கும் அலாய் நட்டு 60 பாகைக் கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பை வைத்தால் மெல்லிய வளையம் ஒன்றில்தான் ஒட்டும். அப்போதைக்கு இறுகும், பிறகு தளரும். வீட்டுக்கே வந்து டயர் மாற்றித் தரும் சேவைகள் பெருகிவிட்டன. பில்லில் வால்வுக்கும் பேலன்சிங் ஈயத்துக்கும் தனித்தனியாகப் பணம் எழுதத் தெரிந்தவர்கள், எந்த எண்ணுக்கு இறுக்கினோம் என்று ஒரு வரி எழுத மறுப்பது ஏன்? எழுதினால் பொறுப்பு வந்துவிடும் என்பதுதான் உண்மையான காரணம் என்று நாம் நினைக்கிறோம்.

பொறுப்பைப் பற்றி இனி நேராகவே பேசிவிடலாம். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கு வெளியிட்டது. விதிமீறல் வாரியாக அதில் அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசை, கைப்பேசி, சிவப்பு விளக்கு என்று பிரிவுகள் உண்டு. சக்கரம் கழன்றது என்று ஒரு பிரிவு இல்லை. கணக்கில் இல்லாதது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. சக்கரம் கழன்று ஆள் இறந்தால் முதல் தகவல் அறிக்கையில் டிரைவர் பெயர் ஏறும். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல். பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. நட்டை இறுக்கிய கடைக்கு ஒன்றுமில்லை. டார்க் ரெஞ்ச் வாங்கித் தராத முதலாளி ஜாமீனுக்கு ஆள் அனுப்புவார், பெரிய மனசுக்காரர் என்று பெயர் வாங்குவார். ஏதோ ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் நாமக்கல் டிரைவர் வாய்தா வாய்தாவாக அலைவார். தெலுங்கு தெரியாத டிரைவர் என்றால் அவர் பாடு இன்னும் கேவலம்.

சட்டமே இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு வாகனத்தையும் டிரெய்லரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சாதாரண கவனத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஆபத்தான குறைபாட்டோடு ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்ட வைப்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளிகள். அதாவது முதலாளி. ஆனால் தண்டனை? 1,500 ரூபாய் வரை அபராதம். காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ஒரு வீல் நட்டு செட்டின் விலைக்கு மனித உயிரை மதிப்பிட்ட சட்டம் இது. அந்தப் பிரிவையாவது முதலாளி மேல் போடுகிறார்களா?

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 1990-களின் நடுவில் லாரிச் சக்கரங்கள் கழன்று பறந்து வழிப்போக்கர்கள் இறந்தார்கள். அங்கேயும் நம்மைப் போலத்தான் முதலில் விதி, விபத்து, வருத்தம் என்று பேசினார்கள். 1997-இல் சட்டம் திருத்தினார்கள். வணிக வண்டியிலிருந்தோ அது இழுக்கும் டிரெய்லரிலிருந்தோ சக்கரம் சாலையில் கழன்றால், வண்டியை இயக்கும் நிறுவனமும் அதன் உரிமையாளரும் குற்றவாளிகள். ‘நாங்கள் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தோம்’ என்பது அங்கே வாதமே ஆகாது. குறைந்தது 2,000 டாலர், அதிகம் 50,000 டாலர். இன்றைய மதிப்பில் மேல்வரம்பு நமக்குச் சுமார் 30 லட்சம் ரூபாய். அதன் பிறகு அங்கே பெரிய நிறுவனங்கள் நட்டுக்குப் பதிவேடு வைத்தன. நல்ல மனசு வந்து வைத்தார்கள் என்று நாம் நம்பவில்லை. பயந்து வைத்தார்கள். பயம் போதும்.

தெலங்கானா போக்குவரத்துத் துறை ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தகுதிச் சான்று என்பது எட்டு வயதுக்குட்பட்ட வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கொருமுறை, அதற்கு மேல் ஆண்டுக்கொருமுறை. டயரோ மாதத்துக்கு இரண்டு தடவை கழற்றி மாட்டப்படுகிறது. சான்று வாங்கிய மறுநாளே ஒரு பஞ்சர் கடையில் அந்தச் சான்று செல்லாக்காசாகிறது. ஆகவே சோதனை மைதானத்தில் வண்டியைப் பார்ப்பதோடு வேலை முடிந்தது என்று கைரதாபாத் அலுவலகம் நினைக்கக் கூடாது. பேருந்து எரிந்து 45 பேர் பாலெமில் கருகிய 2013 அக்டோபருக்குப் பிறகு இந்தத் துறை எவ்வளவு ஆவேசமாகச் சோதனைகள் நடத்தியது என்று நினைவிருக்கிறது. பிணம் விழுந்த பிறகு காட்டும் அந்த ஆவேசத்தில் பத்தில் ஒரு பங்கை இப்போதே காட்டினால் போதும்.

அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் நாம் எதிர்பார்ப்பது மற்றவர்களை விட அதிகம். 1932-இல் நிஜாம் அரசு 27 பேருந்துகளோடு தொடங்கிய சேவையின் வாரிசு அது. உப்பலில் தொழிற்கூடம், ஹகீம்பேட்டையில் பயிற்சிக் கல்லூரி, வேலை தெரிந்த மெக்கானிக்குகள் எல்லாம் அவர்களிடம் உண்டு. பாலாநகரில் 1968 முதல் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. ஏவுகணைக்கு ஒவ்வொரு போல்ட்டையும் எண் வைத்து, கையெழுத்துப் போட்டு இறுக்கும் நகரம் இது. அதே நகரின் டிப்போவிலிருந்து கிளம்பும் பேருந்தின் பின்சக்கரத்துக்குக் கையெழுத்து இல்லை என்றால் வெட்கம் யாருக்கு? ஒவ்வொரு டிப்போவிலும் சக்கரப் பதிவேடு உடனே தொடங்க வேண்டும். எந்தச் சக்கரம், எந்தத் தேதி, எந்த எண், எந்தக் கை. நட்டு திரும்பியதைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் அம்புக்குறிகள் வெளிநாட்டுப் பேருந்துகளில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அவற்றை வாங்கி மாட்டினால் கண்டக்டர்கூட ஏறும் முன் பார்த்துச் சொல்லிவிடுவார். கழகத்துக்கு வாடகைக்கு ஓடும் தனியார் பேருந்துகளுக்கும் இது பொருந்த வேண்டும். அவற்றை விட்டுவிட்டு டிப்போ வண்டிகளுக்கு மட்டும் பதிவேடு வைத்தால் அது கண்துடைப்பு.

வெளிவட்டச் சாலையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் சுங்கம் வசூலிக்க எத்தனை சாவடி வைத்திருக்கிறார்களோ அத்தனை இடத்தில் டார்க் சோதனைக்கு ஒரு மேடை வைக்கட்டும். பெத்த அம்பர்பேட்டில் முதலாவது. கட்டணம் வாங்கக் கூடாது. சாலை விபத்துத் தகவல்களைப் பதிவு செய்ய ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய மென்பொருளில், சக்கரம் கழன்றதா, கடைசியாக எங்கே மாட்டப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்குத் தனிக் கட்டம் வேண்டும். காவலர் அதை நிரப்பாமல் அறிக்கையை மூட முடியாதபடி செய்ய வேண்டும். டயர் கடைகளுக்கு உரிமம் தரும்போது டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று பார்க்காத நகராட்சி, அந்த உரிமத்தைத் தருவதில் என்ன பொருள்? நாமக்கல் சங்கங்கள் வாடகை உயர்வுக்கு வேலைநிறுத்தம் அறிவிக்கும் வேகத்தில், தங்கள் உறுப்பினர் ஒவ்வொருவர் வண்டியிலும் டார்க் ரெஞ்ச் இருப்பதை உறுதிசெய்து அறிவிக்கட்டும். மறு இறுக்கத்துக்கு நிறுத்தும் நேரத்தை டிரிப் நேரத்தில் சேர்த்துக் கொடுப்போம் என்றும் எழுத்தில் தரட்டும். லேட் ஆனதற்குப் படியில் பிடித்தம் செய்துகொண்டே பாதுகாப்பு பற்றிப் பேசினால் எந்த டிரைவரும் நம்ப மாட்டார்.

பழுதான வண்டியை ஓட அனுமதித்த முதலாளிக்கு 190-ஆவது பிரிவில் இருக்கும் 1,500 ரூபாயை ஒண்டாரியோ போல உயர்த்தும் வேலை தில்லியுடையது. அதுவரை இருக்கிற பிரிவையே பயன்படுத்தும் அதிகாரம் ஹைதராபாதில் இருக்கிறது. அடுத்து எந்த டிரெய்லரின் சக்கரம் கழன்றாலும், முதல் தகவல் அறிக்கையில் டிரைவர் பெயருக்கு மேலே உரிமையாளர் பெயரை எழுதுங்கள். கடைசியாக நட்டை இறுக்கிய கடையின் பில்லை அதோடு இணைக்கச் சொல்லுங்கள். பில்லில் எண் இல்லையென்றால் அந்தக் கடைக்காரரையும் சேருங்கள்.